தேசமங்கையின் பெல்ட்

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துத் தொலையுங்கள். மாதாமாதம் வரும் 'தேசமங்கை' படக்கதையில், நாட்டைக் காக்கும் அந்த மகராசியின் உடை போன இதழில் இருந்தபடியே இந்த இதழிலும் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் நான். பதினைந்து வருடமாக அவளை வரைபவர் என் கணவர். ஜன்னல் திரையை முதுகில் கட்டி, இடுப்பில் பெல்ட்டை மாட்டி, நாற்காலிமேல் ஏறி அவருக்கு மாடலாக நிற்பவளும் நான்தான்.

எங்கள் முதலாளிக்கு ஒரே விதி. தப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, கதையிலேயே காரணம் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை என் கணவர் நாலாம் பக்கத்தில் அவளுடைய இடது கையுறையை வரைய மறந்துவிட்டார். அதற்காகப் பிறந்த கையுறைத் திருடன் பதினோரு வருடமாகச் சிறையிலிருந்து தப்பித்துக்கொண்டே இருக்கிறான்.

போன மாதம் பூதக்கண்ணாடியிடமிருந்து கடிதம் வந்தது. அவர் ஒரு வாசகர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். பெயர் நாங்கள் வைத்தது. தேசமங்கையின் பெல்ட் எப்போதும் இரண்டாம் ஓட்டையில் இருக்கும், இப்போது நான்காம் ஓட்டைக்குப் போயிருக்கிறது, நாட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை ஐயா, பெருத்தது என் இடுப்பு. பக்கத்துக்குப் பக்கம் 'சரி' என்று கையெழுத்துப் போட்டவளும் நானே. ஆனால் என் இடுப்பை நானே எண்ணிக்கொண்டிருப்பேனா?

வெள்ளிக்கிழமைக்குள் காரணம் வராவிட்டால் வேறு ஓவியரைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். இனிமேலாவது இரண்டாம் ஓட்டையில் வரையுங்கள் என்று வீட்டில் கத்தினேன். மனுஷன் அசையவில்லை. தூரிகையைக் கழுவிக்கொண்டே, "நான் பாக்கறதைத்தான் வரைவேன்," என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, பெல்ட்சுருக்கி என்று ஒரு வில்லனைப் பெற்றெடுத்தேன். நாட்டிலுள்ள பெல்ட்டையெல்லாம் சுருக்கிப் படைவீரர்களை மூச்சுத் திணற வைப்பான். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பூதக்கண்ணாடி விடுவாரா? அடுத்த கடிதம் வந்தது. 'பெல்ட்சுருக்கியை ஏற்கிறேன். ஆனால் பழைய இதழ்களை மறுபடி பார்த்ததில், 198 முதல் 200 வரையிலான இதழ்களில், முதல் ஓட்டைக்கும் உள்ளே புதிதாகக் குத்திய ஓட்டையில் பெல்ட் மாட்டியிருக்கிறது. அது யார் வேலை? அந்த மூன்று இதழிலும் எல்லாக் கதவிலும் 14 என்று எழுதியிருக்கிறது. பதினான்காம் இதழைப் புரட்டினேன், ஒரு தொடர்பும் இல்லை. அப்படியானால் அது எதைக் குறிக்கிறது?'

முதலாளி மறுபடியும் வெள்ளிக்கிழமை என்றார், வேறு ஓவியர் என்றார்.

பழைய இதழ்களை எடுத்தேன். அந்த மூன்றையும் நான் சரிபார்க்கவே இல்லை, நீண்ட விடுப்பில் இருந்தேன். வங்கிக் கதவில் 14. எதிரியின் குகைக் கதவில் 14. நீர்மூழ்கிக் கப்பலின் கதவில்கூட 14. மருத்துவமனையில் என் கட்டிலின் எண் அது. வீட்டுக்கு வந்த வாரமே என் கணவர் என்னை எழுப்பி, ஆணியால் புது ஓட்டை குத்திப் பெல்ட்டை மாட்டி நிற்க வைத்தார். கல்நெஞ்சக்காரர் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாற்காலியில் ஏற முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படத்தில் தேசமங்கை மேகங்களுக்கு நடுவே பறக்கிறாள், ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. முகம் அப்படியே என் முகம். அலுவலகத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

வில்லன் யாரும் வரவில்லை. வாசகர் பக்கத்துக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'அப்போது அவளுக்கு உடம்பு சரியில்லை. 14 அவள் படுத்திருந்த கட்டில். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.'

முதலாளி இரண்டு தடவை படித்தார். உடம்பு சரியில்லாமல் போவது தப்பு ஆகாது, அதனால் விதியை மீறியதாகாது என்று சொல்லி அச்சுக்கு அனுப்பினார். வேறு ஓவியர் என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அன்று மாலை திரையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறினேன். பெல்ட்டோடு வந்தவர் தயங்கினார்.

"வேணும்னா ரெண்டாவதுலயே மாட்டிடவா?"

"அஞ்சுல மாட்டுங்க," என்றேன். "பாக்கறதைத்தானே வரைவீங்க."