அண்ணன் போட்ட முடிச்சு

விடிந்ததிலிருந்தே அளவுக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. நிலத்தடி நீர் அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் கிணறு கிணறாக டேப்பை இறக்கி ஆழம் குறிப்பவள் என்பதால் வந்த பெயர் அது. நகரத்துக் கிணறுகளை எல்லாம் அலட்டிக்கொள்ளாமல் அளந்தவள், சொந்தத் தெருவின் பொதுக்கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

சுற்றாமல் என்ன செய்வாள்? போன கோடையில் தண்ணீர் பதினெட்டு மீட்டர் நாற்பதுக்கு இறங்கியதும், ஆழமாக ஒரு போர்வெல் போட்டே தீருவது என்று தெருவே துடித்தது. "ஒரு வருஷம் பொறுங்க" என்று இவள்தான் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மொட்டைமாடி மழையெல்லாம் மண்ணுக்குள் போக, முப்பத்தாறு வீட்டிலும் உறிஞ்சுகுழி தோண்ட வைத்தாள். மோட்டார் நாளுக்கு அரை மணிதான் என்று கறாராக நின்றாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "குழி தோண்டி என் பூச்செடியெல்லாம் போச்சு" என்று எதிர்வீட்டு அக்கா இவள் காதுபடவே புலம்பினாள். கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. அடுத்த வருடம் இதே தேதியில் தண்ணீர் ஒரு விரல் கீழே போயிருந்தாலும் போர்வெல். அது வந்துவிட்டால் பிறகு குழியை யார் சீந்துவார்கள்?

இதில் கூத்து என்னவென்றால், துளை போட ரிக் வண்டியோடு வந்து நின்றவன் அவள் கூடப்பிறந்த அண்ணன்.

"ஏம்மா, வண்டிய நிறுத்தவா, திருப்பவா?"

"நீ வாயை மூடு, அதுபோதும். தண்ணி பேசட்டும்."

பதற்றத்தில் நுனியைக்கூடப் பார்க்காமல் டேப்பைக் கிணற்றுக்குள் விட்டாள். டேப் நுனியில் தொங்கும் எடை தண்ணீரைத் தொட்டால் டொப் என்று சத்தம் வரும். அதைக் கேட்கத் தெருவே மூச்சைப் பிடித்து நின்றது. அந்த நேரம் பார்த்துத் தெரு நலச் சங்கச் செயலாளர் தும்மினார். எல்லோரும் அவரை முறைத்தார்கள். மறுபடி இறக்கினாள். டொப். விளிம்பில் விரல் பிடித்த இடத்தைப் படித்தாள்.

பதினெட்டு மீட்டர் தொண்ணூறு.

அரை மீட்டர் கீழே. "பேச்சுன்னா பேச்சுதான்மா" என்றார் செயலாளர், பாவம், மெதுவாகத்தான் சொன்னார். ரிக் வண்டி உறுமத் தொடங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டே டேப்பைச் சுருட்டினாள். எடை மேலே வந்தது. அதை அவள் எப்போதும் கொக்கியில்தான் மாட்டுவாள். இப்போதோ டேப்பையே மடித்து ஒரு தடி முடிச்சு. பள்ளிக்கூட நாளில் அறுந்த செருப்பு வாரிலும் பை வாரிலும் அவள் பார்த்த அதே முடிச்சு.

"அண்ணே! என்ஜினை நிறுத்து! என் டேப்பை எடுத்தியா?"

அண்ணன் திருதிருவென விழித்தான். "ஞாயித்துக்கிழமை... ஒரு குழாய் ஆழம் பாக்க எடுத்தேன். உள்ள மாட்டிக்கிச்சு. இழுத்ததுல லேசா அறுந்துடுச்சு."

"லேசான்னா எவ்வளவு?"

"ஒரு மீட்டர்."

"ஏன் சொல்லல?"

"நீ திட்டுவியேன்னு..."

முதல் மீட்டரே இல்லாத டேப், ஒரு மீட்டர் கூட்டித்தானே காட்டும்! தெருவுக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் எழுந்த கூச்சலில் காக்கைகள் பறந்தன. "யாரும் குதிக்காதீங்க" என்று குதித்துக்கொண்டே கத்தினாள் அளவுக்காரி. "இவன் முடிச்சை நம்பி நான் நோட்டுல எழுத மாட்டேன்!"

அண்ணன் தலையைச் சொறிந்தபடி வண்டிக்குள்ளிருந்து உறை பிரிக்காத புது டேப் ஒன்றை எடுத்து நீட்டினான். அவளுக்கென்றுதான் வாங்கினானாம். கொடுக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

டொப். பதினேழு மீட்டர் எண்பத்தெட்டு. அரை மீட்டருக்கும் மேலே ஏறியிருந்தது தண்ணீர்.

"பதினேழு தொண்ணூறுல்ல வரணும்?" என்றார் செயலாளர். "மிச்சம் ரெண்டு சென்டிமீட்டர்?"

"அதை இவன் முடிச்சு முழுங்கிடுச்சு" என்று அவள் சிரித்த சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது.

"அப்ப நான் சும்மா திரும்பணுமா?" என்று அண்ணன் முணுமுணுத்தான். ஆனாலும் அவன் வாய் காதுவரை போயிருந்தது. அந்தக் குறுகிய தெருவில் ரிக் வண்டியைப் பின்னாலேயே எடுக்க வேண்டும். தெருவே திரண்டு கை காட்டியது. எல்லோருக்கும் முன்னால் எதிர்வீட்டு அக்கா ஓடினாள்.

"பாத்து, பாத்து! இன்னும் இடது பக்கம் ஒடிங்க! என் செடி போனாலும் பரவால்ல, குழி மேல ஏத்திடாதீங்க!"