மாஸ்டர் மிதித்த பிரேக்

மருந்துக் கடைக்காரம்மாவுக்குத் தான் எப்படித் தோற்றோம் என்பதே விளங்கவில்லை. கார் ஓட்டக் கற்றுத்தந்த மாஸ்டர், "கண்ணை மூடிட்டுப் பாஸ் பண்ணிடுவீங்க மேடம்" என்று வாய் நிறையச் சொல்லித்தான் தேர்வுக்கு அனுப்பினார். அங்கே சிக்னலில் முன்னால் நின்ற வேனைக் கடைக்காரம்மா முட்டப் போனார். பக்கத்திலிருந்த அதிகாரி கைபிரேக்கை இழுத்ததால் தப்பித்தார்கள்.

"விடும்மா, நமக்கு எதுக்கு வண்டியெல்லாம்?" என்றாள் அவருடைய அம்மா. ஆனால் டயாலிசிஸ் முடிந்து, வாடகைக் காருக்காக ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்று துவண்டுபோவதும் அதே அம்மாதான். மகளுக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி பயிற்சிக்குப் போனார்.

ஒரு திருப்பத்தில், அவர் கால் பிரேக்குக்குப் போகும் முன்பே வண்டி வேகம் குறைந்தது. சட்டென்று குனிந்து பார்த்தார். மாஸ்டர் பக்கம் இருந்த இன்னொரு பிரேக்கின் மேல் அவருடைய ஷூ.

வண்டியை ஓரங்கட்டினார். "இப்ப பிரேக் போட்டது யாரு மாஸ்டர்?"

மாஸ்டர் காதைச் சொறிந்தார். "நான்தான். லேசா..."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே. சொன்னா பயந்துடுவீங்களேன்னுதான் மேடம்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, நெஞ்சிலிருந்து ஒரு பாரமும் இறங்கியது. 'அப்போ எனக்கு வராம இல்ல. எங்க தப்புன்னே தெரியாம இருந்திருக்கேன்.'

"இனிமே மிதிச்சா சொல்லுங்க. ஏன் மிதிச்சீங்கன்னும் சொல்லுங்க."

அன்றைக்கு மாஸ்டர் வாய் ஓயவில்லை. "மிதிச்சேன். முன்னால நிக்கிற வண்டியோட டயர் உங்க கண்ணுக்குத் தெரியணும், தெரியற தூரத்துல நிறுத்துங்க." "திரும்பவும் மிதிச்சேன். சிவப்பைப் பார்த்ததுமே ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுங்க, கிட்டப் போய் எடுக்காதீங்க."

சுருக்கென்று தைத்தாலும் ஒவ்வொன்றும் மண்டையில் ஏறியது. போகப் போக மாஸ்டரின் பேச்சு குறைந்து, ஒருநாள் அடியோடு நின்றது.

கடைக்காரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மிதிச்சுட்டுச் சொல்லாம இருக்கீங்களா?"

"நல்லா பாருங்க" என்றார் மாஸ்டர். சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த தேர்வில் அதே அதிகாரிதான். கைபிரேக் பக்கம் அவர் கை போகவே இல்லை. லைசென்ஸ் வந்ததும் முதல் வேலையாக அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வரும் வழியில் அம்மா ஒரு சிக்னலுக்குக்கூடக் கண் திறக்கவில்லை. வாய் லேசாகப் பிளந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.