தீக்குச்சி பிடித்த கை

வெர்லின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. டெல்மார் அண்ணனின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, வெள்ளைச் சட்டைக் கைக்குள் விட்டு, மறுபக்கத்திலிருந்து இழுத்தான். பாறை புரட்டிய கை. இப்போது வெறும் எலும்பும் விறைப்பும்.

அந்த ஊர் மார்மன் கிறிஸ்தவ சபையில் சிகரெட், காப்பி எல்லாம் பாவம். அங்கே ஆண் செத்தால், கோயிலில் உடுத்தும் வெள்ளை உடையை இன்னொரு ஆண், பெரும்பாலும் ரத்த சொந்தம், தன் கையால் உடுத்திவிட வேண்டும். வெர்லுக்கு இருந்தது ஒரே தம்பி. இருவரும் ஒரே யுரேனியச் சுரங்கத்தில் தோண்டியவர்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு பிஷப் ஹீபர் ஆல்ட்ரெட் உள்ளே வந்தார். சம்பளமில்லாத பதவி அது. ஞாயிற்றுக்கிழமைதான் அவர் பிஷப். மற்ற நாளெல்லாம் அதே சுரங்கத்தில் மேஸ்திரி.

"டெல்மார், கொஞ்சம் நிறுத்து. நீல சூட்டு ஒண்ணு வெச்சிருந்தானே, அதைப் போட்டு அடக்கம் பண்ணிடலாம்."

டெல்மார் பொத்தானைப் போட்டான். "ஏன்?"

"நுரையீரல் புத்துக்குக் காரணம் சிகரெட்டுன்னு கம்பெனி டாக்டர் எழுதிட்டாரு. சிகரெட் குடிச்சவனுக்குக் கோயில் உடுப்பு போடுன்னு நான் எப்படிச் சொல்றது? மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க."

"காப்பி வாசனை வந்தாலே எந்திரிச்சுப் போறவன் எங்கண்ணன்."

"ஊரே பாத்துச்சேப்பா. டிவியில."

ஊரே பார்த்ததுதான். கழுத்தில் டை கட்டிய ஒருவன் பில்லியர்ட்ஸ் பந்துகளைச் சிதறடித்து, அணு இப்படித்தான் உடையும் என்று வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தான். பிறகு, இந்தச் சக்தியைத் தோண்டித் தரும் வீரனைப் பாருங்கள் என்றான். சுரங்க வாயில் வெர்ல் நின்றான். முகத்தில் புழுதி, உதட்டில் சிகரெட், சொல்லிவைத்த சிரிப்பு. இரும்புக்கடை டிவிப் பெட்டிக்கு முன் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் முதல், "என்ன ஹாலிவுட்டு, நெருப்பு இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் வெர்ல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். திருவிருந்து ரொட்டித் தட்டு வரும்போது, பாவம் செய்தவன் தொடக்கூடாதென்று அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவான்.

சமையலறையிலிருந்து லரூ வந்தாள், வெர்லின் மனைவி. வந்தவர்களுக்காகச் சுட்ட சீஸ் உருளைக்கிழங்கு கையில் ஒட்டியிருந்தது.

"அந்தப் பொட்டியில அவரு விட்டது ஒரு வாய்ப் புகை, பிஷப். வருஷக்கணக்கா சுரங்கத்துல புழுதி குடிச்சாரே, அதை ஏன் டாக்டர் எழுதல? மேஸ்திரி நீங்க, காத்துக்கு ஒரு ஃபேன் வெச்சீங்களா?"

"சிஸ்டர், துக்கத்துல பேசறீங்க."

"துக்கம் அப்புறம். இது கோவம்."

டெல்மார் கடைசிப் பொத்தானையும் போட்டான். கழுத்துப்பட்டி தொளதொளவென்று நின்றது.

"அன்னிக்கு நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றான். "டிவிக்காரன் சிகரெட்டை நீட்டினப்போ, 'நாங்க குடிக்கறதில்ல'ன்னு அண்ணன் சொன்னான். சொல்லிட்டு உங்களைப் பாத்தான். நீங்க என்ன சொன்னீங்க?"

பிஷப் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் சொல்றேன். 'நாட்டுக்காக ஒரு இழுப்பு, வெர்ல். பாவம் ஒட்டாது'ன்னீங்க. சொன்னது மேஸ்திரியா பிஷப்பான்னு அவனுக்குத் தெரியல. வாயைத் திறந்தான்."

"படம் புடிக்கறதுக்குத்தானே..."

"தீக்குச்சி கிழிச்சது யாரு? அந்தக் கையும் டிவியில வந்துச்சு. ஆள்காட்டி விரல்ல நுனி இல்லாத கை. ஊரு சிகரெட்டைப் பாத்துச்சு. நான் கையைப் பாத்தேன்."

பிஷப்பின் வலது கை தொப்பிக்கடியில் போனது.

"நானும்தான் பாத்தேன்," என்றாள் லரூ. "வர்ற ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்ற நாள். யாரு வேணாலும் எந்திரிச்சுப் பேசலாம். நீல சூட்டுல அவரைப் புதைச்சீங்கன்னா நான் எந்திரிப்பேன்."

அடுப்பில் எதுவோ தீயும் வாசனை வந்தது. அவள் அசையவில்லை.

"சரி," என்றார் பிஷப் கடைசியில். "உடுத்து."

"நீங்களும் கை கொடுங்க. அதே கை."

தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டார். வெள்ளைச் செருப்பில் ஒன்றை எடுத்து மாட்டினார். நுனியில்லாத விரல் குதிகாலைத் தாங்கிப் பிடித்தது.

"டாக்டர் எழுதினதை மாத்தச் சொல்வீங்களா?" என்றான் டெல்மார்.

பிஷப் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்தது. ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கைக்குட்டைக்குள் குனிந்து, முதுகு குலுங்க இருமினார். லரூவும் டெல்மாரும் காத்திருந்தார்கள். ஓய்ந்ததும் கைக்குட்டையை விரித்துப் பார்த்தார். சின்னதாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார்.

நோய் கண்ட பிறகு வெர்லும் அப்படித்தான் மடித்து வைப்பான்.

டெல்மார் குனிந்து, இன்னொரு செருப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.