தண்ணீரை அளந்து குடிப்பவர்கள்

எட்டாம் வகுப்புக்கு ஐரோப்பியர் வருகையை வருடா வருடம் வாசித்து வாசித்து எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. இந்த முறை புத்தகத்தை மூடச் சொன்னேன்.

"நீங்கதான் கப்பல் தலைவன். கரை எங்கன்னு தெரியாது, பீப்பாய்ல தண்ணி குறையுது. கரை எப்ப வரும்னு மாலுமிங்க கேக்கறாங்க. தூரமா இருக்கும்னு உண்மையைச் சொல்லுவீங்களா, நாளைக்கே வந்துரும்னு பொய் சொல்லுவீங்களா?"

எங்கள் பள்ளி இருக்கும் மண்ணரையில் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறார்கள். ராஜ்கமல் யோசிக்கவே இல்லை. "பொய்தானுங்க டீச்சர். எங்கப்பா கம்பெனில சூப்பர்வைசர் தினமும், 'இன்னிக்கு ஒரு நைட்டுதான், ஷிப்மெண்ட் போயிரும்'னுதான் சொல்றாரு. உண்மையைச் சொன்னா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க."

பொய்க்கு ஆதரவாக வகுப்பே கை தூக்கியது. மொத்தப் பேரையும் அப்படியே சூப்பர்வைசர் வேலைக்கு அனுப்பிவிடலாம். மதுமதி மட்டும் தூக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை அவள் அம்மா ஒச்சாயி வந்து போயிருந்தார். உசிலம்பட்டிக்காரர். "நாளைக்குத் தீபாவளிக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, எங்க அக்கா வீட்டுலயே விட்டுட்டு வந்துருவேன் டீச்சர். நானும் அவரும் நைட் ஷிப்ட். வயசுப் பிள்ளையைத் தனியா ரூமுல விட்டுட்டு எப்படிப் போறது? இனிமே படிப்பு அங்கதான். அவகிட்ட சொல்லிராதீங்க, தெரிஞ்சா பஸ் ஏற மாட்டா" என்றார். நானும் மாடு மாதிரி தலையாட்டியிருந்தேன்.

"நீ ஏன் தூக்கல?" என்று மதுமதியைக் கேட்டேன்.

"நாளைக்குக் கரைன்னு சொன்னா இருக்கிற தண்ணியை இன்னைக்கே குடிச்சிருவாங்கல்ல டீச்சர்? தூரம்னு தெரிஞ்சா அளந்து குடிப்பாங்க."

"அழுவாங்களே!" என்றான் ராஜ்கமல்.

"அழுவாங்க. அழுதுட்டு அளந்து குடிப்பாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க தலைவனா இருந்தா என்ன சொல்லுவீங்க டீச்சர்?"

மணி அடித்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் மகளை அழைத்துப் போக ஒச்சாயி வாசலில் நின்றார். நேரே போய்ச் சொன்னேன்: "ஏனுங்க, அவகிட்ட நீங்களே சொல்லீருங்க. இல்லீன்னா நான் சொல்லீருவேனுங்க."

"என்ன டீச்சர் இது! உங்களை நம்பித்தான சொன்னேன்?"

"அவளும் உங்களை நம்பித்தானுங்க பஸ் ஏறுவா." எனக்குக் கோபம்தான். அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

ஒச்சாயி என்னை முறைத்துவிட்டு, மகளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். நான் சைக்கிள் நிறுத்தத்தின் பக்கம் நின்றேன். மதுமதி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பள்ளி வேன்களெல்லாம் போய்விட்டன. பிறகு சீருடைக் கோட்டால் மூக்கைத் துடைத்தாள்.

"அப்ப ரெண்டு செட்டு துணி பத்தாதும்மா. பெரிய பையை எடு."

"சரிடா."

"உன் சேலை ஒன்னும் வை. துவைக்காததா வை."