அண்ணி போடாத கையெழுத்து

என் அண்ணி தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பார். ஆனால் அவர் பெயர் ஊருக்குள் அடிபட்டது தீயணைப்பு நிலையத்துக் கோட்டுகளால்தான். அந்தத் தடித்த கோட்டில் ஊசி இறக்க மற்ற தையல்காரர்கள் பயந்தார்கள். அண்ணி மட்டும், "துணிதானே, என்னைக் கடிச்சா தின்னுடப் போகுது?" என்று வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஏழு வருடம், எந்தக் கோட்டில் கை கிழிந்தாலும் பொத்தான் போனாலும் அது நேரே எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது.

வீடு என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. டயர் கடைக்கு மேலே ஒன்றரை அறை. அதில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்கள், அப்புறம் நான். புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியுடன் வந்தவள் நான். "ரெண்டு வாரம்தான் அண்ணி" என்று சொல்லித்தான் படியேறினேன். நாலு வருடம் ஆகிவிட்டது. அண்ணி ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொள்வேன், பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற நேரமெல்லாம். அண்ணன் மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறவர். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்து எங்கேயும் போய்ச் சேராத மனிதர் என்று அண்ணி கேலி செய்வார். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் அவருடைய பேச்சு.

பழைய பணிமனை நிலத்தில் குறைந்த வாடகைக்கு நாற்பத்தெட்டு வீடுகள் கட்டப் போவதாக நகரமன்றம் அறிவித்தபோது அண்ணியின் பெயரில்தான் விண்ணப்பம் போட்டோம். குலுக்கலில் முப்பத்தொன்றாம் இடம் வந்தது. அன்று மாலை அண்ணன் தன் வாழ்நாளிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினார். "ரெண்டு ரூமு, தனியா சமையலறை, ஜன்னல் ரெண்டு பக்கமும் தெறக்குமாம்." பெரியவளும் சின்னவளும் எந்த அறை யாருக்கு என்று அப்போதே அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். "ஒரு ரூமு அத்தைக்குடி, நீங்க ரெண்டு பேரும் அவ கூட" என்று அண்ணி சொன்னார். நான் முகம் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்விட்டேன்.

மன்றக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டுவசதிப் பிரிவு அலுவலர் எங்கள் படியேறி வந்தார். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் முத்திரை குத்தாமல் விடமாட்டார் என்பதால் ஊரில் அவருக்கு முத்திரை சார் என்று பெயர். நல்ல மனிதர். வேலை அதிகம், ஆள் குறைவு. அவர் முகத்தைப் பார்த்தாலே அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கத் தோன்றும்.

"ஒண்ணுமில்லம்மா" என்று ஒரு தாளை நீட்டினார். "தீயணைப்பு நிலையத்துல புதுக் கோட்டு, மூச்சுக் கருவி எல்லாம் கேட்டிருக்காங்க. அதையும் இந்த வருஷமே வாங்கினா நாப்பத்தெட்டு வீட்டையும் ஒரே மூச்சுல கட்ட முடியாது. பழைய கோட்டே இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்னு, தைக்கிறவங்க நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். மன்றத்துல அதை வெச்சிடுவோம்."

நான் பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன். அண்ணி தாளை இரண்டு முறை படித்தார்.

"நாளைக்குச் சொல்றேன் சார்."

அவர் போனதும் மூலையில் கிடந்த கோட்டு ஒன்றை எடுத்தார். நிலையத்திலேயே உயரமான ஆளுடையது. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருக்கு எந்தக் கோட்டும் கை எட்டாது, அண்ணிதான் ஒட்டுப் போட்டு நீட்டிக் கொடுத்திருந்தார். அண்ணி அதன் உட்புறத்தை வெளியே இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மேல் துணி நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் ரப்பர் பூசியது போன்ற மெல்லிய உறை ஒன்று உண்டு. அது வறண்ட குளத்து மண் மாதிரி வெடித்துக் கிடந்தது.

"இது தண்ணிய உள்ள விடாம தடுக்கிற உறை" என்றார் அண்ணி. "இது போச்சுன்னா தண்ணி உள்ள எறங்கும். நெருப்புக்கு நடுவுல அந்தத் தண்ணி ஆவியாகும். ஆளு கோட்டுக்குள்ளயே வெந்துடுவான். மேல எவ்வளவு தைச்சாலும் இத என்னால தைக்க முடியாது. ஊசி போட்டா அது இன்னொரு ஓட்டை."

"அதிகாரிங்களுக்குத் தெரியாததா அண்ணி? நீங்க ஏன் தலையக் குடுக்கறீங்க?"

"அவங்க எழுதச் சொல்றது என்னையத்தானே?"

மறுநாள் அண்ணி அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன், எப்படியாவது மனசை மாற்றலாம் என்று. நிலைய அதிகாரி வெடிப்பைத் தடவிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தாராம்.

"நீங்க பட்டியல்ல இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்மா" என்றார். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. எங்களப் பத்திக் கவலப்படாதீங்க, இத்தன நாள் ஓட்டலையா?"

எனக்கு அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருந்தது. அண்ணியோ கோட்டை மடித்துக் கைப்பையில் திணித்தார். "நீங்க இப்படிச் சொன்னதுக்கப்புறம் நான் எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?" என்றார்.

கூட்டம் புதன்கிழமை மதியம் நடந்தது. பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். அண்ணி கோட்டை மடியில் வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நேரே மன்ற மேசைக்குப் போனார். கோட்டின் கையை உட்புறம் வெளியே தெரியும்படி குழிவாகப் பிடித்து, மேசையில் தலைவருக்காக வைத்திருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அப்படியே அதில் ஊற்றினார்.

தண்ணீர் ஒரு கணம் தேங்கி நின்றது. பிறகு அடியில் சொட்டியது. அப்புறம் கொட்டியது. தலைவருடைய கோப்பு நனைந்தது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏழு வருஷமா இதத் தைக்கிறது நான்தான்" என்றார் அண்ணி. "வெளிய நல்லா தைச்சிருக்கேன். அதனாலதான் உங்களுக்கெல்லாம் இது நல்ல கோட்டு மாதிரி தெரியுது. தப்பு என் பேர்லயும் இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல சார் இதுல."

ஒரு உறுப்பினர் தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "வீட்டுப் பட்டியல்ல உங்க பேரு இருக்கே?"

"இருக்கு. முப்பத்தொண்ணு."

"இதச் செஞ்சா உங்களுக்குத்தானம்மா நஷ்டம்?"

"வீடு இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம் வரும் சார். ஆளு போனா வருமா?"

மூன்று நிமிடம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். அண்ணி தன் முந்தானையால் மேசையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் கையைத் தூக்கி முடிவெடுத்தார்கள். கோட்டும் மூச்சுக் கருவியும் இந்த வருடமே. வீடுகளில் பாதி, அதாவது இருபத்துநாலு, இப்போது. மீதி அடுத்த வருடம், கட்டாயம் என்று குறிப்பேட்டில் எழுதி. முப்பத்தொன்று எந்தப் பாதியில் விழும் என்று கணக்குப் போட எனக்கு விரல் தேவைப்படவில்லை.

நான் மூன்று நாள் அண்ணியோடு பேசவில்லை. பெண்களும் உம்மென்று இருந்தார்கள். அண்ணன் மட்டும் கூட்டம் நடந்த அன்றே வேலை முடிந்து வந்து, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா பண்ணுன" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அண்ணிக்கு அது போதுமாக இருந்தது. நாலாம் நாள் நான் வெட்கம் கெட்டுப்போய், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "ஏன், அதுக்குள்ள முடிச்சுட்ட? மூணு நாளா வீடு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு!" என்றார்.

ஆனால் வெளியே அவ்வளவு லேசாக இல்லை. எங்களைப் போல இரண்டாம் பாதிக்குத் தள்ளப்பட்ட குடும்பங்கள் இருபத்துநாலு. அவர்களில் சிலர் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். பக்கத்துத் தெரு முடிதிருத்துபவர், அவர் முப்பதாம் எண், அண்ணியைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார். அண்ணி யாரையும் குறை சொல்லவில்லை. "அவங்க கோவம் நியாயம்தான். அவங்களக் கேட்டுட்டா நான் பேசுனேன்?" என்பார். புதுக் கோட்டுகள் வந்ததும் பழைய கோட்டு வேலையும் போயிற்று. தன் பிழைப்பைத் தானே கத்தரித்துக்கொண்ட தையல்காரி என்று நான் முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும். தையல் இயந்திரத்தின் சத்தம் கொஞ்சம் கூடியது.

எட்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, டிக்கெட் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது ரயில் பாதைப் பக்கம் கரும்புகை எழுந்தது. மெத்தைக் கிடங்கு. பஞ்சும் நுரையும் அடுக்கி வைத்த இடம். உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் வெளியே வரவில்லை என்று பேருந்து ஓட்டுநர்கள் பேசிக்கொண்டார்கள். உள்ளே போனது நெட்டைதான், இன்னொருவரோடு. இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வரும்போது கூரைத் தகரம் சரிந்து, தீயணைக்க அடித்து அதில் தேங்கிக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் மொத்தமும் அவர் முதுகில் கொட்டியது. வெளியே வந்தார். ஒரு காது சிவந்து கொப்பளித்திருந்தது. மணிக்கட்டில் சூடு பட்ட ஒரு கோடு. முதுகில் ஒன்றுமே இல்லை.

காப்பாற்றப்பட்ட இருவரில் ஒருவர் முடிதிருத்துபவரின் மைத்துனர்.

மறுநாள் நெட்டையின் மனைவி எங்கள் படியேறி வந்தார். குட்டையான பெண்மணி. அவரும் நெட்டையும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு அப்போதும் ஒரு குறும்பு யோசனை ஓடியது. அவர் உட்கார்ந்து, அண்ணியின் வலது கையை எடுத்து, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். போகும்போதுதான், "அவரு நேத்து ராத்திரி முதுகு கீழ வெச்சு மல்லாக்கப் படுத்துத் தூங்குனாரு அக்கா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

அவர் இறங்கிப் போன பிறகு அண்ணி அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வாரமே முடிதிருத்துபவர் கைநிறையத் துணியோடு வந்தார். அத்தனையும் கிழியாத துணி. அண்ணியும் ஒன்றும் கேட்காமல் வாங்கி, எல்லாவற்றிலும் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

மன்றம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. இரண்டு மாதம் தாமதம்தான். சாவி வாங்கப் போன அன்று முத்திரை சார் எங்களை உட்காரச் சொன்னார். எல்லாத் தாளிலும் முத்திரை குத்தி முடித்துவிட்டு, சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அன்னிக்கு நீங்க எழுதிக் குடுத்திருந்தா நான் அதையும் முத்திரை குத்தி மேல அனுப்பியிருப்பேன்" என்றார். "கிடங்கு எரிஞ்ச அன்னிக்கு முழுக்க எனக்கு அந்த நெனப்புதான். என்னையும் சேத்துக் காப்பாத்திட்டீங்க."

"அட விடுங்க சார். வீடு குடுத்தது நீங்கதானே? எங்க, சாவியக் குடுங்க, கை வலிக்கப் போகுது உங்களுக்கு" என்றார் அண்ணி.

குடிபோன அன்று தீயணைப்பு நிலையத்தில் வேலை நேரம் முடிந்த ஆறு பேர் வந்து சாமான்களை மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். அண்ணன் அந்தக் கட்டடத்து லிஃப்டை விட்டு நகரவேயில்லை. எந்த மாடி என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். "விடுமுறை நாள்ல கூடவா?" என்று சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. சொன்னால் யாரோ வெளியூருக்குப் போகிறார்கள் என்று நினைப்பார்கள். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை என்னால் அடக்க முடியவில்லை. அண்ணி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அண்ணி, தேங்க்ஸ்."

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குடி?"

"எல்லாத்துக்கும்தான். அந்தக் கோட்டுக்கு. இந்த வீட்டுக்கு. ரெண்டு வாரம்னு சொல்லிட்டு வந்தவள இத்தன வருஷம் வெச்சிருந்ததுக்கு."

அண்ணி கையிலிருந்த போர்வையை ஒரு முறை உதறினார். என் முகமெல்லாம் தண்ணீர் தெறித்தது.

"அந்த முனையப் பிடி" என்றார். "ஒருத்தியா பிழிய முடியல."

நான் முனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினோம்.