ரேடியோ இல்லாத ஐந்து செட்

ஜிம் பெஞ்சில் படுத்து எடை தூக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது செட்டின் நான்காவது ரெப்பில், அதாவது நான்காவது தூக்கலில், பார் என் நெஞ்சுக்கு இறங்கியது. திரும்ப ஏறவில்லை. தலைமாட்டில் நின்ற அக்கா இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தாள்.

"நேத்து சரியா தூங்கலையாடி?"

"ஆமா."

பொய். நன்றாகத்தான் தூங்கியிருந்தேன். பயமே அதனால்தான். சில வாரங்களுக்கு முன்பு இதே எடையை ஐந்து செட்டும் முழுசாகத் தூக்கியவள் நான்.

அப்பாவுக்குக் கைத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற நோய். ஒரு ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் அம்மாவிடம் நீட்டியதில்தான் தொடங்கியதாம். அன்றைக்கு அம்மா கிண்டல் செய்திருக்கிறாள். இப்போது அவரால் சட்டைப் பொத்தான் போட முடியாது. பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, பதினெட்டு வயதுக்குப் பிறகு வேண்டுமானால் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குப் பதினாறு. அக்காவுக்கு இருபது ஆகிறது. அவள் போகவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

எங்கள் ஜிம், கார் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஒரே ஒரு பெஞ்ச். அதை மூன்று பேர் பகிர்ந்துகொண்டோம்: நான், அக்கா, எதிர் வீட்டு அண்ணன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் எல்லோரும் லேசான எடையில் மூன்று செட், பத்துப் பத்து ரெப் என்று செய்துகொண்டிருந்தோம். எடையைக் கூட்டலாம் என்று முடிவானபோது ரெப்பைக் குறைத்து செட்டைக் கூட்டினோம். ஐந்து செட், ஒவ்வொன்றிலும் ஐந்து. நடுவில் எவ்வளவு நேரம் ஓய்வு என்று யாரும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. ரேடியோ அண்ணன் எங்களைப்போல இருமடங்கு தூக்குவார். அவர் முறைக்குப் பாரில் கூடுதல் எடைத் தட்டுகளை மாட்ட வேண்டும், எங்கள் முறைக்குக் கழற்ற வேண்டும். அவரோ ஒரு தட்டை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"அண்ணா, அதை மாட்டிட்டுப் பேசுங்க. விடிஞ்சிரப் போகுது" என்பாள் அக்கா.

"விடிஞ்சா நல்லதும்மா. வெளிச்சத்துல தூக்கலாம்."

பிறகு அவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் சாயங்கால ஷிஃப்ட் வேலை கிடைத்தது. ஜிம்முக்கு வருவது நின்றுபோனது. "அப்பாடா, காதுக்கு லீவு" என்றாள் அக்கா. நாங்கள் இருவரும் தூக்குவது ஒரே எடை என்பதால் தட்டு மாற்றும் வேலை இல்லை. அவள் எழுந்ததும் நான் படுப்பேன், நான் எழுந்ததும் அவள். முன்பு பிடித்த நேரத்தில் பாதிகூடப் பிடிக்கவில்லை. கெட்டிக்காரிகளாகிவிட்டோம் என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை அடங்குவதற்குள் பார் ஏற மறுத்தது. அக்காவும் மூன்று ரெப்போடு எழுந்துகொள்ள ஆரம்பித்தாள். தோளில் லேசாகப் பிடிப்பு என்றாள். நான் அதைக் கவனிக்கவில்லை. என் கையைப் பற்றித்தான் என் நினைப்பெல்லாம்.

இரவில் எல்லோரும் படுத்த பிறகு சமையலறைக்குப் போய் விளக்குப் போடாமல் பாட்டில் மூடிகளைத் திறந்து திறந்து மூடினேன். திறந்தது. ஆனால் நேற்றைவிடக் கஷ்டமாகத் திறந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு முறை திறந்து பார்த்தேன்.

காலையில் அப்பா சர்க்கரை டப்பாவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருடா எல்லா மூடியையும் லூசா விட்டது? எறும்பு குடும்பத்தோட குடி வந்திருக்கு."

நான் பள்ளிப் பையைத் தோளில் மாட்டினேன்.

"எனக்காகவா? நல்ல பிள்ளைதான். ஆனா எறும்புக்கும் சேர்த்து உதவி பண்ணாதடா."

அவர் சிரித்தார். நான் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ரேடியோ அண்ணனுக்கு வார விடுமுறை வந்த நாளில் அவர் ஜிம்மில் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். கிடங்கில் சூப்பர்வைசர் குளிர் அறைக்குள் நாற்காலி போட்டுத் தூங்கிவிட்ட கதை. முதல் செட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் சூப்பர்வைசர் கண்ணயர்ந்தார். மூன்றாவதுக்கு முன்னால் மீசையில் பனி படிந்தது. நான்காவதுக்கு முன்னால் அவரை எழுப்பப் போனவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டபடியே கடைசி செட்டுக்குப் படுத்தேன். ஐந்தாவது ரெப்பும் ஏறியது.

அடுத்து அக்கா. அவளும் ஐந்து. எழுந்து என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"உன் தோள் என்னாச்சு?"

"தோளுக்கு ஒண்ணுமில்ல. எப்பவுமே இல்ல."

"அப்புறம் ஏன் மூணோட எந்திரிச்ச?"

"நாலாவது வராதுன்னு தெரிஞ்சிருச்சு. நீ எதுக்கு ராத்திரி பாட்டிலோட மல்லுக்கட்டுற?"

என் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

"நான் ஆபீஸ்ல ஸ்டேப்ளரை அமுக்கி அமுக்கிப் பாக்குறேன், பேப்பர் இல்லாம. மேனேஜர் ஒரு மாதிரி பாக்குறாரு" என்றாள்.

தெருமுனை வரும்போது எனக்குத் தோன்றியது.

"அக்கா, ரேடியோ அண்ணன் பேசிட்டே இருப்பாருல்ல, அப்பதான் நாம உக்காந்து மூச்சு வாங்கியிருக்கோம். அவரு போனதும் அதுவும் போச்சு."

அவள் நின்றாள். "எடையைக் கூட்டுனோம். ஓய்வைக் குறைச்சிட்டோம். இதுல பெருமை வேற."

அடுத்த முறை ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் போனில் மூன்று நிமிட அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சும்மா உட்கார்ந்திருக்கையில் மூன்று நிமிடம் ரொம்ப நீளம்.

"ஏதாவது பேசுடி. ரேடியோ மாதிரி" என்றாள் அக்கா.

"என்ன பேச?"

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "பார் ஏறிருச்சுங்கறதால நமக்கு அது இல்லன்னு ஆயிராது. தெரியும்ல?"

"தெரியும்."

"டெஸ்ட் எடுக்கலாம்னு இருக்கேன். தனியா போக பயமா இருக்கு."

"நான் வரேன்."

"உன்னை உள்ள விடமாட்டாங்க."

"வெளிய உக்காந்திருக்கேன். எவ்ளோ நேரமானாலும்."

போன் அடித்தது. "உன் முறை" என்றாள்.

டெஸ்டுக்கு அவளுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். நாளைக் காலை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் அவள் மட்டும் தூங்குவதுபோல நடிக்கிறாள். நான் சமையலறைக்குப் போகவில்லை, இதுவரைக்கும்.