காற்றின் மேல் போட்ட பழி

எமர்ஜென்சி புண்ணியத்தில் பஸ் சொன்ன நேரத்துக்கே வந்து தொலைத்தது. முதலமடையில் இறங்கிய நஞ்சப்பன், மச்சினன் குப்பண்ணன் வீட்டுக்குப் போகும் மாந்தோப்பு வழியில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தான். கட்டின பெண்டாட்டியைக் கூட்டிப்போக வருகிறவனுக்கு இத்தனை பயம் எதற்கு என்று தன்னையே ஏசிக்கொண்டான். இடுப்பெலும்பு முறிந்த மருதாத்தாள் வைகாசியிலிருந்து அண்ணன் வீட்டில்தான் கிடந்தாள். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள், வந்து கூட்டிப்போகலாம் என்று குப்பண்ணன் ஆள் விட்டிருந்தார்.

அவள் விழுந்ததும் இதே ஊரில்தான். புருசனும் பெண்டாட்டியும் மூங்கில் வித்தை காட்டுகிறவர்கள். அவன் தோளில் மூங்கிலை நிறுத்துவான், அதன் உச்சியில் அறைந்த சின்னப் பலகையில் அவள் நிற்பாள். மலைமேல் சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டம் வரைக்கும் போய் ஆடியிருக்கிறார்கள். மேலே இருப்பவள் அசையவே கூடாது, சாய்வையெல்லாம் கீழே இருப்பவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவரும் சரி செய்யப் பார்த்தால் இருவரும் மண்ணில். அவள் மூச்சை இழுத்துப் பிடித்தால்கூட அவன் தோளெலும்புக்குத் தெரிந்துவிடும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்றைக்கு மாங்காய் சீசன் முடிந்த சந்தோஷத்தில் வியாபாரிகள் வைத்த ஆட்டம். மலைக் கணவாய் வழியே வரும் காற்று விடாமல் ஒரே பக்கமாக அடித்தது. நஞ்சப்பன் மூங்கிலைக் காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான், காற்றே அதற்கு முட்டுக் கொடுத்தது. அப்போதுதான் மருதாத்தாள் பலகையைக் குதிகாலால் தட்டினாள். இறக்கிவிடு என்று அர்த்தம். அவனுக்குத் தெரிந்தது. ஆனால் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு சுற்று வந்துவிடலாம் என்று ஆசைப்பட்டுவிட்டான். அந்தச் சுற்றில் காற்று சட்டென்று நின்றது.

"காத்து நின்னு போச்சுன்னா நீங்க என்ன மாப்ளே பண்ணுவீங்க" என்று ஆசுபத்திரியிலேயே குப்பண்ணன் தேற்றினார். ஊரும் அதையே சொன்னது. சொல்லச் சொல்ல நஞ்சப்பனுக்கும் அது வசதியாகப் போயிற்று. மருதாத்தாள் மட்டும் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அவனை உட்காரச் சொல்லிவிட்டுக் குப்பண்ணன் தோப்புப் பக்கம் போனார். மருதாத்தாள் வந்து எதிரில் மெல்ல உட்கார்ந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"ஒன்னே ஒன்னு கேக்கறனுங்க. அன்னிக்கு நா தட்டுனது உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அந்தக் காத்துல ஒன்னும் தெரியலே மருதா."

அவள் கோபப்படவில்லை. "செரிங்க" என்றாள். இத்தனை வருசம் அந்தத் தோளை நம்பி மேலே நின்றவள். அதற்கு எது தெரியும், எது தெரியாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போதாவது சொல்லிவிடு என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

மருதாத்தாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். கதவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துணி மூட்டையை எடுத்தாள். ஊருக்குக் கிளம்புவதற்காக இறுக்கிக் கட்டி வைத்திருந்த மூட்டை. அதை இடுப்பில் வைக்க முடியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள். தாங்கிப் பிடிக்க நீட்டிய கையோடு நஞ்சப்பன் நின்றான். உள்ளே அவள் முடிச்சை அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பவும் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.